ரிப்போர்ட்டில் ‘ஹெர்பீஸ் பாசிட்டிவ்’... உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை! அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

லேப் ரிப்போர்ட் இப்போதெல்லாம் டாக்டரின் மேஜைக்குப் போவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்து விழுந்துவிடுகிறது. இரவு 10 மணிக்கு மொபைலைத் திறந்தால் பி.டி.எஃப். சர்க்கரை சரி, கொழுப்பு சரி, தைராய்டு சரி. இன்னும் கீழே போனால், தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘ஹெச்.எஸ்.வி-2 ஐஜிஜி - 1.62 - பாசிட்டிவ்’. அது என்ன என்று கூகுளில் தட்டினால் ‘பிறப்புறுப்பு ஹெர்பீஸ்’, ‘பால்வினைத் தொற்று’, ‘முழுமையாகக் குணப்படுத்த முடியாது’ என்று வரிசையாக வந்து நிற்கின்றன. உடம்பில் இதுவரை ஒரு கொப்புளம் வந்ததில்லை. புண், எரிச்சல் எதுவும் இல்லை. ஆனால் பக்கத்தில் மனைவி தூங்கிக்கொண்டிருக்கிறார். அல்லது, அடுத்த மாதம் கல்யாணம்.

அன்றிரவே மனதுக்குள் கணக்கு ஆரம்பமாகிவிடும். யாரிடமிருந்து வந்தது? எப்போது வந்தது? நமக்கு முன்பா, பின்பா? இந்தக் கேள்விகள் எதற்கும் அந்த 1.62 என்ற எண்ணில் பதில் இல்லை. ‘தொற்று இருக்கிறதா, இல்லையா’ என்ற முதல் கேள்விக்கே அதில் உறுதியான பதில் இல்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம்.

முதலில், இது அக்கி அல்ல

ஹெர்பீஸ் என்றதும் நம்மூரில் பலர் அக்கியை நினைத்துக்கொள்கிறார்கள். இடுப்பிலோ முதுகிலோ ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளம்பினால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து ‘அக்கி எழுதி’ வருவார்களே, அது வேறு. அதை உண்டாக்குவது சின்னம்மை வைரஸ். குடும்பம் ஒன்றுதான், ஆனால் ஆள் வேறு.

இங்கே பேசப்படுவது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். சுருக்கமாக ஹெச்.எஸ்.வி. இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் உதட்டோரத்தில் கொப்புளமாக வரும். காய்ச்சல் வந்து போன பிறகு உதட்டில் கிளம்பும் அந்தப் புண்ணை நம் வீடுகளில் ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி மோர் குடிக்கச் சொல்வார்கள். இந்த வகை பலருக்கும் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சி முத்தம் கொடுத்த ஏதோ ஒரு சொந்தக்காரரிடமிருந்துகூட வந்திருக்கலாம். இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பையும் அதைச் சுற்றிய இடங்களையும் பாதிப்பது. உடலுறவின் வழியே பரவுவது. ஆனால், இந்த எல்லைக்கோடும் அவ்வளவு சுத்தமானதல்ல. வாய்வழி உறவின் மூலம் முதல் வகையும் பிறப்புறுப்புக்கு வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பார்த்தால் பலருக்கு மூச்சு சீராகும். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேருக்கு, அதாவது 64 சதவிகிதம் பேருக்கு, முதல் வகைத் தொற்று இருக்கிறது. 15 முதல் 49 வயது வரையிலானவர்களில் சுமார் 52 கோடிப் பேருக்கு, அதாவது 13 சதவிகிதம் பேருக்கு, இரண்டாம் வகை இருக்கிறது. இவர்களில் பெரும்பாலானோருக்குத் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது. அறிகுறியே இல்லாமல் இருக்கும், அல்லது ‘ஏதோ பூச்சிக்கடி’, ‘ஷேவ் செய்ததில் கீறல்’ என்று கடந்துபோகும் அளவுக்கு லேசாக இருக்கும்.

அதனால் ரிப்போர்ட்டில் ‘ஹெச்.எஸ்.வி-1 ஐஜிஜி பாசிட்டிவ்’ என்று மட்டும் இருந்தால், பயப்பட அதில் அநேகமாக ஒன்றுமில்லை. ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தாலும் அதேதான் வரும்.

ரத்தத்தில் தேடுவது வைரஸை அல்ல

குழப்பத்தின் வேர் இங்கேதான். இந்த ரத்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. உடலுக்குள் நுழைந்த ஹெர்பீஸ் வைரஸ், நரம்பு முடிச்சுகளுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். ரத்தத்தில் சாதாரணமாகச் சுற்றிக்கொண்டிருக்காது. எனவே, அந்த வைரஸை எதிர்த்து உடல் தயாரித்த ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதங்களைத்தான் சோதனை தேடுகிறது. திருடனைப் பார்க்கவில்லை, நாய் குரைத்த சத்தம் கேட்டது என்கிற மாதிரி. நாய் வேறு எதையாவது பார்த்தும் குரைத்திருக்கலாம் இல்லையா?

ஆன்டிபாடி எந்த இடத்தில் தொற்று ஏற்பட்டது என்று சொல்லாது. உதடா, பிறப்புறுப்பா தெரியாது. எந்த வருடம் என்று சொல்லாது. போன மாதமா, 15 வருடங்களுக்கு முன்பா தெரியாது. யாரிடமிருந்து என்பதை எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது.

ஆன்டிபாடியில் ரிப்போர்ட்டில் வருவது இரண்டு: ஐஜிஎம், ஐஜிஜி. ‘ஐஜிஎம் என்றால் புதுத் தொற்று, ஐஜிஜி என்றால் பழைய தொற்று’ என்பது பள்ளிப் பாடம் மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம். சில நோய்களில் அது சரியும்கூட. ஹெர்பீஸில் அது உதவாது. பழைய தொற்று மீண்டும் தலைகாட்டும்போதும் ஐஜிஎம் ஏறலாம். முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரித்துச் சொல்லவும் அதனால் முடியாது. தொற்றே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., ஹெர்பீஸைக் கண்டுபிடிக்க ஐஜிஎம் பரிசோதனை பயன்படாது என்று தன் வழிகாட்டுதலில் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. ஆனாலும், நம்மூர் லேப்களின் பட்டியலில் ‘ஹெச்.எஸ்.வி 1 & 2 ஐஜிஎம்’ இன்னும் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. ஐஜிஎம் பாசிட்டிவ் என்ற ஒற்றைக் காரணத்துக்காகக் கணவனையோ மனைவியையோ சந்தேகிப்பவர்கள், நம்பவே கூடாத சாட்சியின் வாக்குமூலத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

1.1-க்கு மேல் என்றால் பாசிட்டிவ்... ஆனால்?

மிச்சமிருப்பது ஐஜிஜி. அதிலும் இரண்டு வகைகளையும் ஒரே எண்ணாகச் சேர்த்துக் கொடுக்கும் ரிப்போர்ட் என்றால் அதைப் படித்து ஆகப்போவது எதுவுமில்லை. இரண்டு வைரஸ்களும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பெரும்பாலான புரதங்கள் ஒன்றுபோலவே இருக்கும். தெளிவாக வேறுபடுவது கிளைக்கோபுரோட்டீன் ஜி என்ற ஒரு புரதத்தில்தான். அதை வைத்து வகை பிரித்துச் சொல்லும் சோதனையாக இருந்தால் மட்டுமே மேற்கொண்டு பேசலாம். ரிப்போர்ட்டில் ‘வகை 1’, ‘வகை 2’ இரண்டுக்கும் தனித்தனி எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பரவலாகப் பயன்படுத்தப்படும் எலிசா முறைச் சோதனைகளில் முடிவு ஒரு குறியீட்டு எண்ணாக வரும். 0.9-க்குக் கீழே என்றால் நெகட்டிவ். 1.1-க்கு மேலே என்றால் பாசிட்டிவ். இடைப்பட்டது இரண்டுங்கெட்டான்; ‘தெளிவில்லை’ என்று அச்சடித்திருப்பார்கள். (கிட்டுக்குக் கிட்டு அளவும் அலகும் மாறும். ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிட்டு ‘ஏறிவிட்டது, இறங்கிவிட்டது’ என்று கவலைப்படுவது வீண்.)

1.1 என்ற கோட்டைத் தாண்டியதும் ரிப்போர்ட் தடித்த எழுத்தில் ‘பாசிட்டிவ்’ என்று கத்துகிறது. 1.2-க்கும் அதே கத்தல்தான், 9-க்கும் அதே கத்தல்தான். உண்மையில் இரண்டும் ஒன்றல்ல. சி.டி.சி. 2021-ல் வெளியிட்ட பால்வினைத் தொற்று வழிகாட்டுதல் இதை விரிவாகச் சொல்கிறது. அங்கு அதிகம் பயன்படும் எலிசா கிட் ஒன்றில், இரண்டாம் வகைக்கான எண் 3-க்குக் கீழே இருந்தால் அது தவறான பாசிட்டிவ்வாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். அது மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வில், உறுதிச் சோதனையான வெஸ்டர்ன் பிளாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, தொற்று இல்லாதவரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும் திறன் அந்த கிட்டுக்கு ஒட்டுமொத்தமாக 57.4 சதவிகிதம்தான். 1.1 முதல் 2.9 வரையிலான எண்களில் 39.8 சதவிகிதம்.

அதனால், வேறொரு முறையில் இரண்டாவது சோதனை செய்து உறுதிப்படுத்தாமல் முடிவு சொல்லக் கூடாது என்பது அந்த வழிகாட்டுதலின் நிலைப்பாடு. 2023 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வும், இரண்டாம் வகை ஹெர்பீஸ் ரத்தப் பரிசோதனைகளில் தவறான பாசிட்டிவ் வரக்கூடும் என்று லேப்களுக்கும் மருத்துவர்களுக்கும் கடிதம் எழுதி எச்சரித்தது.

நல்ல சோதனையும் ஏமாற்றும் - ஒரு சின்னக் கணக்கு

‘அப்படியென்றால் மட்டமான கிட். நல்ல கிட் வாங்கினால் சரியாகிவிடுமே?’ என்று தோன்றலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

அறிகுறியே இல்லாத 1,000 பேருக்கு ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இந்தச் சோதனையைச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 50 பேருக்கு மட்டும் உண்மையிலேயே இரண்டாம் வகைத் தொற்று இருக்கிறது. நம் கையில் இருப்பதோ 95 சதவிகிதம் சரியாகச் சொல்லும் அருமையான சோதனை. தொற்று உள்ள 50 பேரில் சுமார் 47 பேரை அது பிடித்துவிடும். சபாஷ். ஆனால், தொற்று இல்லாத 950 பேர் இருக்கிறார்களே? அவர்களில் 5 சதவிகிதம் பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் சொல்லும். 950-ல் 5 சதவிகிதம் என்றால், அதுவும் சுமார் 47 பேர்!

ஆக, ‘பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட் வாங்கிய 94 பேரில் பாதிப் பேருக்கு எதுவுமே இல்லை. 95 சதவிகிதத் துல்லியம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட சோதனை, பூவா தலையா போட்டுப் பார்த்ததற்குச் சமமாகிவிட்டது. சோதனை கெட்டதால் அல்ல; தேவையில்லாதவர்களுக்குச் செய்ததால். இதே சோதனையை, அடிக்கடி பிறப்புறுப்பில் கொப்புளம் வருகிறவருக்கோ, வாழ்க்கைத்துணைக்கு ஹெர்பீஸ் உறுதியானவருக்கோ செய்தால், பாசிட்டிவ்வுக்கு மதிப்பு பல மடங்கு கூடிவிடும்.

அமெரிக்காவின் நோய்த் தடுப்புச் சேவைகளுக்கான நிபுணர் குழு, அறிகுறி இல்லாதவர்களுக்கு, கர்ப்பிணிகள் உட்பட, ஹெர்பீஸ் ரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்யக் கூடாது என்று 2016-ல் பரிந்துரைத்தது இதனால்தான். 2023-ல் மீண்டும் ஆராய்ந்துவிட்டு அதையே உறுதி செய்தது. நோய் ஆபத்தில்லாதது என்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. கிடைக்கும் பலனைவிட, தவறான முடிவால் உடையும் மனமும் உறவும் அதிகம் என்பதே கணக்கு.

எய்ட்ஸுக்கு மூன்று சோதனை... இதற்கு ஒன்று போதுமா?

ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய பாடமல்ல. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் எலிசா முறையில் சோதிக்கப்பட்டன. சிலவற்றில் ஹெச்.ஐ.வி. பாசிட்டிவ் வந்தது. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கான முதல் சான்று அது. ஆனால், அந்த நொடியே யாரும் அறிவித்துவிடவில்லை. அந்தப் பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வெஸ்டர்ன் பிளாட் முறையில் உறுதி செய்த பிறகுதான் செய்தி வெளியே வந்தது.

இன்றும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஒருவருக்கு ஹெச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று சொல்வதற்கு முன், அறிகுறி இல்லாதவர் என்றால், மூன்று வெவ்வேறு கிட்களில் சோதித்து மூன்றிலும் பாசிட்டிவ் வர வேண்டும். சோதனைக்கு முன்பு ஆலோசனை, பின்பு ஆலோசனை. முடிவைக் கையில் கொடுப்பவர் எதிரே உட்கார்ந்து பேசுவார்.

ஹெர்பீஸுக்கு? ஒரு சோதனை, ஓர் எண், ஒரு பி.டி.எஃப். பேச ஆளில்லை. ஹெச்.ஐ.வி. அளவுக்கு உயிரை உலுக்கும் தொற்று இல்லைதான். ஆனால், கல்யாணத்தை நிறுத்தவும் குடும்பத்தை இரண்டாக்கவும் இந்த ஒரு வரி போதுமானதாக இருக்கும்போது, பேக்கேஜில் ‘போனால் போகிறது’ என்று இதைச் சேர்த்து விற்பதை எப்படி நியாயப்படுத்துவது?

கர்ப்பிணிகளும் ‘டார்ச்’ சோதனையும்

நம்மூரில் பெண்கள் பலர் ஹெர்பீஸ் என்ற சொல்லை முதன்முதலில் சந்திப்பது செக்கப் பேக்கேஜில் அல்ல. கரு கலைந்த பிறகு எழுதிக் கொடுக்கப்படும் ‘டார்ச்’ ரிப்போர்ட்டில். டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பீஸ் ஆகியவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரே நாமியாஸ் குழுவினர் 1971-ல் வைத்த பெயர் அது. பிறந்த குழந்தையிடம் ஒன்றுபோல் தோன்றும் தொற்றுகளை மருத்துவர்கள் மறந்துவிடாமல் இருக்க உருவான சுருக்கம். காலப்போக்கில் அது கருச்சிதைவுக்குக் காரணம் தேடும் சோதனையாக இங்கே உருமாறிவிட்டது.

மீண்டும் மீண்டும் கருச்சிதைவு ஏற்படும் பெண்களுக்கு டார்ச் சோதனையை வழக்கமாகச் செய்வதைக் கைவிட வேண்டும் என்று இங்கிலாந்தின் ராயல் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி, 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொன்னது. தொடர்ச்சியான கருச்சிதைவுக்குக் காரணமாக இருக்கத் தேவையான தன்மைகள் இந்தத் தொற்றுகளுக்குப் பொருந்தவில்லை என்பது அதன் விளக்கம். ஆக, குழந்தையை இழந்து நிற்கும் பெண்ணின் கையில் ‘ஹெர்பீஸ் ஐஜிஎம் பாசிட்டிவ்’ என்று ஒரு தாளைக் கொடுத்து, ‘உனக்கு இருந்த ஏதோ நோயால்தான் கரு தங்கவில்லை’ என்று மாமியார் வீட்டில் பேச இடம் கொடுப்பது, மருத்துவமும் அல்ல, மனிதாபிமானமும் அல்ல.

கர்ப்பத்தில் ஹெர்பீஸ் ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. அது இதுவல்ல. பிரசவ காலம் நெருங்கும்போது தாய்க்குப் புதிதாகப் பிறப்புறுப்பு ஹெர்பீஸ் தொற்றினால், பிரசவத்தில் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 30 முதல் 50 சதவிகிதம் வரை இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு ஹெர்பீஸ் வந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். அதே நேரம், ஏற்கெனவே ஹெர்பீஸ் வந்து போகிறவர்கள், கர்ப்பத்தின் முதல் பாதியில் தொற்றியவர்கள் ஆகியோரிடமிருந்து பரவும் வாய்ப்பு 1 சதவிகிதத்துக்கும் குறைவு. பழைய தொற்றுக்கு எதிராகத் தாயின் உடல் உருவாக்கிய ஆன்டிபாடிகள் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

எனவே, கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது வேறு. உங்களுக்கோ கணவருக்கோ எப்போதாவது பிறப்புறுப்பில் கொப்புளம், புண் வந்திருந்தால் அதை மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அடிக்கடி வருகிறவர்களுக்கு 36-வது வாரத்திலிருந்து வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுப்பார்கள். வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியனை முடிவு செய்வார்கள். கணவருக்கு உதட்டில் கொப்புளம் இருந்தால், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வாய்வழி உறவு வேண்டாம். குழந்தை பிறந்த பிறகு, உதட்டில் கொப்புளத்தோடு பார்க்க வரும் உறவினர் யாராக இருந்தாலும் முத்தம் கொடுக்க விட வேண்டாம். பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

சரி, ரிப்போர்ட் கையில் இருக்கிறது. இப்போது?

இரவு 10 மணிக்கு வந்த ரிப்போர்ட்டுக்கு இரவு 10 மணிக்கே எதுவும் செய்ய வேண்டியதில்லை. இந்தத் தொற்று உண்மையாகவே இருந்தாலும், அறிகுறி இல்லாதவருக்கு அதில் அவசரம் எதுவும் கிடையாது.

சருமம் மற்றும் பால்வினை நோய் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் தோல் மருத்துவப் படிப்போடு பால்வினை நோய்களும் சேர்ந்தே கற்பிக்கப்படுவதால், ஊரில் இருக்கும் ‘ஸ்கின் டாக்டர்’ பெரும்பாலும் இதற்கும் சரியான ஆள்தான். தனியாரிடம் போகத் தயக்கம் அல்லது வசதியில்லை என்றால், அரசு மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்று சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனி நிறுவனம் செயல்படுகிறது. 1097 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணிலும் பால்வினைத் தொற்றுகள் பற்றிக் கேட்கலாம்.

டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டை முழுதாக எடுத்துச் செல்லுங்கள். ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லை மட்டும் போனில் படித்துக் காட்டினால் போதாது. ஐஜிஎம்மா ஐஜிஜியா, வகை பிரித்திருக்கிறார்களா, எண் எவ்வளவு, எந்த முறை என்று நான்கும் அவருக்குத் தேவை. இரண்டாம் வகை ஐஜிஜி, குறைந்த எண்ணில் பாசிட்டிவ் என்றால், வேறு முறையில் மறுபரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். அதே கிட்டில் அதே சோதனையை மூன்று லேப்களில் செய்வதால் பயனில்லை. முதலில் ஏமாந்த கிட், அடுத்த முறையும் அதே மாதிரி ஏமாறலாம். சந்தேகமறத் தீர்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்யப்படுகிறது. இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை என்பதுதான் நிலைமை. அப்படியென்றால், உறுதி செய்ய வழியில்லாத ஒரு சோதனையை முதலிலேயே ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

சமீபத்தில் பாதுகாப்பற்ற உறவு இருந்தது, அதனால்தான் சோதித்தேன் என்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஆன்டிபாடி உருவாக நாளாகும். உறவு நடந்த இரண்டாவது வாரத்தில் எடுத்த ‘நெகட்டிவ்’ ரிப்போர்ட்டை வைத்து நிம்மதி அடையக் கூடாது. 12 வாரங்கள் கழித்துச் செய்தால்தான் அந்த நெகட்டிவ்வுக்கு மதிப்பு. அதோடு, அவர்கள் முதலில் செய்ய வேண்டியது ஹெச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைகள். அவை நம்பகமானவை. சிகிச்சையும் தாமதிக்காமல் தேவைப்படுபவை.

வீட்டில் சொல்வதா, வேண்டாமா?

இதுதான் டாக்டரின் அறையில் கடைசியாக, கதவருகே நின்றுகொண்டு கேட்கப்படும் கேள்வி.

உறுதியாகாத எண்ணை வைத்துக்கொண்டு குற்றச்சாட்டோ வாக்குமூலமோ தேவையில்லை. சொல்வதென்றால், ‘ஒரு சோதனையில் சந்தேகமான முடிவு வந்திருக்கிறது, டாக்டரைப் பார்க்கப் போகிறேன், நீயும் வா’ என்பது வரைக்கும் உண்மை. அதற்கு மேல் சொல்வதெல்லாம் இன்னும் தெரியாதது.

ஒருவேளை இரண்டாம் வகை என்று உறுதியானால், அதை மழுப்ப வேண்டியதில்லை. அது அநேகமாக உடலுறவின் வழியே வந்ததுதான். ஆனால், எப்போது என்று தெரியாது. கல்யாணத்துக்குப் பல வருடங்கள் முன்பே வந்து, ஒருமுறைகூட வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம். அது உங்களுக்கு வந்ததா, துணையிடமிருந்து உங்களுக்கு வந்ததா என்பதும் ரிப்போர்ட்டால் தீர்மானிக்க முடியாத விஷயம். இருவரில் ஒருவருக்கு பாசிட்டிவ், இன்னொருவருக்கு நெகட்டிவ் என்று வருவதும் சகஜம். பல வருடங்கள் சேர்ந்து வாழ்ந்தும் தொற்றாமல் இருப்பவர்கள் உண்டு.

அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் பரவும் என்பதை மறைக்க முடியாது. கொப்புளமே வராத இரண்டாம் வகைத் தொற்றாளர்களை நாள்தோறும் சோதித்த ஆய்வில், ஏறக்குறைய 10 சதவிகித நாள்களில் அவர்களின் தோல் பரப்பில் வைரஸ் தென்பட்டது. அதனால், தொற்று உறுதியானவர் துணையிடம் சொல்லத்தான் வேண்டும். ஆணுறை பரவுவதைக் குறைக்கும், முழுமையாகத் தடுக்காது. தொற்று உள்ளவர் வாலாசைக்ளோவிர் மாத்திரையைத் தினமும் எடுத்துக்கொண்டால், துணைக்குப் பரவும் வாய்ப்பு கிட்டத்தட்ட பாதியாகக் குறையும் என்று 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தை பெற்றுக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ இரண்டாம் வகை பரவாது. துணிகளைத் தனியே ஊறவைக்க வேண்டியதில்லை.

ஜாதகப் பொருத்தத்தோடு மெடிக்கல் ரிப்போர்ட்டையும் பரிமாறிக்கொள்ளும் குடும்பங்கள் கூடிவருகின்றன. நல்ல பழக்கம்தான். ஆனால், பேக்கேஜில் என்னென்ன சோதனைகள் இருக்கின்றன என்று முன்கூட்டியே லேபில் கேட்டு, அறிகுறியே இல்லாதபோது ஹெர்பீஸ் ஆன்டிபாடியை நீக்கச் சொல்வதில் தவறில்லை. ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சிபிலிஸ், தலசீமியா ஆகியவற்றுக்கான சோதனைகள் அங்கே இருப்பது முக்கியம்.

ரத்தப் பரிசோதனையைவிட எளிய, உறுதியான சோதனை ஒன்று உண்டு. அதற்குக் கொப்புளம் இருக்க வேண்டும். எப்போதாவது பிறப்புறுப்பிலோ, அதைச் சுற்றியோ சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்களோ, காரணம் தெரியாத புண்ணோ வந்தால், அதிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து பி.சி.ஆர். முறையில் சோதிப்பார்கள். அது வைரஸையே நேரடியாகத் தேடும், வகையையும் சொல்லிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவிவிட்டுக் காத்திருக்காமல், முதல் ஓரிரு நாள்களிலேயே, கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டுவதற்குள் போய்விட வேண்டும்.